நிழலுக்குக் கட்டிய பட்டு

சிங்காநல்லூரில் பஸ் ஏறும்போதே உங்கள் பெட்டியில் தொங்கிய சீட்டைப் பார்த்துவிட்டேன். மணிலா என்று போட்டிருந்தது. டாக்டருக்குப் படிக்கிறீர்களா? லீவுக்கு வந்திருக்கிறீர்களா? நல்லதுங்க. இல்லை, ஜன்னலோரம் நீங்களே இருங்க. இந்தப் பக்கம் வெயில்தான், ஆனால் எனக்கு வெயில் ஒன்றும் செய்யாது.

நான் காங்கேயத்தில் இறங்க வேண்டும். அங்கே ஒரு எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். பெயர் மயில்சாமி. அந்த ஊரில் மயில் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊர் என்றால் நீங்கள் படிக்கிற பிலிப்பைன்ஸில்தான், கலிபோ. நீங்கள் போயிருக்க மாட்டீர்கள், மணிலாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், அது வேறு தீவு. கலிபோவிலிருந்து இன்னும் உள்ளே போனால் ஒரு கிராமம். அங்கேதான் என் பெண்டாட்டி இருக்கிறாள். ஜெரலின். ஒரு மாதத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான், பதினைந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது இருபத்திரண்டு நாளாக அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் அனுப்பும் செய்திக்குக் கீழே அவள் முகம் சின்ன வட்டமாக வந்து நிற்கிறது. பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். பார்க்கிறாள், பதில் இல்லை. அவள் இனி என்னைச் சேர்த்துக்கொள்வாளா, மாட்டாளா, அதுகூடத் தெரியாமல் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு அந்த ஜனங்களோடு பழக்கம் இருக்கும். அதனால்தான் கேட்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தப்பு யார்மேல் என்று நீங்களே சொல்லுங்க. நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை, பார்த்தாலே தெரியும். ஒரே ஒரு நாள் சத்தம் போட்டேன். ஒரே நாள்தானுங்க.

தோஹாவில் ஒரு பெரிய சலவை ஆலை. ஓட்டல் துணியெல்லாம் அங்கேதான் வரும். நான் பராமரிப்பு, அவள் தேய்க்கிற பிரிவு. அவளுடைய மிஷின் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை நின்றுபோகும். பிறகுதான் தெரிந்தது, அவளே ஒரு ஒயரைத் தளர்த்திவிட்டு என்னைக் கூப்பிடுவாளாம். இதை எங்கம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ‘ஓடற மிஷினை நிறுத்தறவ குடும்பத்தை எப்படிடா ஓட்டுவா’ என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். லீவில் ஊருக்குக் கூட்டிவந்து சிவன்மலைக் கோவிலில் தாலி கட்டினேன். அம்மா தன் கையால் எடுத்துக் கொடுத்த கூறைப்பட்டு, அரக்குக் கலர். அதை அவளுக்குக் கட்டிவிட நாலு பேர் வேண்டியிருந்தது. கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் பெரியம்மா, ‘நம்ம வூட்டுப் புள்ளையாட்டவே இருக்கறா’ என்றார். அந்த ஒரு வார்த்தையில் அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்திருந்தது.

அந்தப் பட்டைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிரச்சினையே அதுதான். ஜெரலினைக் கேட்டால் மரம் என்று சொல்வாள். மரமில்லைங்க. பட்டுதான்.

சலவை ஆலையில் ஆள் குறைத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வேலை போனது. அவள் அப்பா இறந்து அம்மா தனியாக இருந்தார், சரி, கொஞ்ச நாள் அங்கே இருக்கலாம் என்று போனோம். மாமியாரை நானும் ‘நானாய்’ என்றுதான் கூப்பிட்டேன், அந்த ஊரில் அம்மாவுக்கு அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்லை. இங்கிலீஷ் நாலு வார்த்தை. நான் அவர்கள் பேச்சில் நாலு வார்த்தை. அந்த எட்டு வார்த்தையை வைத்துக்கொண்டே நாங்கள் நன்றாக இருந்தோம். சோற்றை முதலில் எனக்குத்தான் போடுவார்.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய அன்னாசித் தோட்டம். பழத்துக்கு இல்லை. பழம் கைப்பிடி அளவுதான் வரும், அதை யாரும் சட்டை செய்வதில்லை. அவர்களுக்கு வேண்டியது இலை. அந்த இலையிலிருந்து நார் எடுத்துத்தான் அங்கே மாப்பிள்ளைகள் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டைத் துணி நெய்கிறார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்களே, மெல்லிசாக, கண்ணாடி மாதிரி, உள்ளே போட்டிருக்கும் பனியன் தெரியும். நான் தோஹா போவதற்கு முன்னால் பஞ்சாலையில் இருந்தவன், நூல் என்றால் எனக்குத் தெரியும். அந்த நாரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கையில் இருக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. மூச்சு விட்டால் பறக்கிறது. அதை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டு நீட்டுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே முடிச்சுப் போடுவார்கள். ஒரு முடிச்சுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

நார் எடுப்பது எப்படித் தெரியுமா? உடைந்த பீங்கான் தட்டை வைத்து. பலகையில் இலையைப் போட்டுக்கொண்டு, தட்டின் சில்லால் சீவிச் சீவி மேல் சதையை எடுப்பார்கள். முதலில் முரட்டு நார் வரும். அப்புறம் சிரட்டையால் மெதுவாகச் சுரண்டினால் உள்ளே இருக்கிற மெல்லிய நார். சீவிய சக்கையை அள்ளிக்கொண்டு போய் அந்தந்தச் செடிக்கடியிலேயே போடுவார் நானாய். எந்த இலை எந்தச் செடியில் அறுத்தது என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு செடிக்கு நாலைந்து இலைக்குமேல் கை வைக்க மாட்டார். உரம் என்று ஒரு பிடி வாங்கி நான் பார்த்ததில்லை, மருந்து என்று ஒரு சொட்டு அடித்ததில்லை.

ஒரு ஃபிட்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? அந்தச் சில்லு மொண்ணையாக இருந்தது. ஒருநாள் அவர்கள் கோவிலுக்குப் போயிருந்தபோது பக்கத்துப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சாணை பிடித்துவிட்டேன். கத்தி மாதிரி ஆக்கி வைத்தேன். மறுநாள் நானாய் சீவினார். நாரெல்லாம் துண்டு துண்டாக அறுந்து வந்தது. மொண்ணையாக இருந்தால்தான் சதை போகுமாம், நார் நிற்குமாம். நானாய் அந்தச் சில்லைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் பலகையைத் தள்ளிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிச்சுப் போடுகிற பெண்கள் அன்றிலிருந்து என்னைக் கண்டால் தங்கள் பல்லைக் காட்டி, ‘மெக்கானிக், இதற்கும் கொஞ்சம் சாணை’ என்பார்கள். நானாய் உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு நல்ல தட்டை எடுத்து வந்தார். நீலப்பூ போட்டது, அவர் கல்யாணத்துக்கு வந்த செட்டாம். அதைக் கல்லில் தட்டி உடைத்து, அதிலிருந்து புதுச் சில்லு எடுத்துக்கொண்டார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான்தான் அதற்குக் காரணம் என்று யாருமே சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஒன்று சொல்கிறேன், உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, இருந்தாலும் புரியும். அங்கே எனக்கு வேலை இல்லை. மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆம்பிளையை நம் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள்ளே எங்கள் ஊரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது.

கலிபோவில் மிலாக்ரோஸ் என்று ஒரு அம்மா தறி போட்டிருக்கிறார். நானாயின் நார் முழுக்க அவருக்குத்தான் போகும். அவர் வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்பார். நானாய் சிரித்துக்கொண்டே, செடியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். நான் ராத்திரி பகலாக யோசித்தேன். இலை சீவ ஒரு சின்ன மிஷின் செய்துவிடலாம், அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதும். ஆனால் மிஷினுக்கு ஒரே அளவு இலை வேண்டும். தோட்டமோ தாறுமாறு. அங்கொரு செடி, இங்கொரு செடி, வரிசையே கிடையாது. எல்லாம் மரத்தடியில். மூன்று பலா, ஒரு இலவம், அப்புறம் புளிப்புப் பழம் காய்க்கிற ஒரு மரம், அதன் பெயர் என் வாயில் நுழையாது. ஐந்தும் ஒன்றோடொன்று கிளை கோத்து, நடுப்பகலில்கூட உள்ளே சாயங்காலம் மாதிரி இருக்கும்.

நீங்கள் எந்த ஊர்? கரூரா? அப்படியென்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் பயிருக்குமேல் நிழல் அடித்தால் விடுவோமா? பக்கத்துத் தோட்டத்து வேம்பின் நிழல் எங்கள் மஞ்சள் காட்டில் விழுகிறது என்று எங்கப்பா ஒன்பது வருஷம் அந்த வீட்டுக்காரரோடு பேசவில்லை. மண்ணும் தண்ணியும் வெயிலும் இருந்தால் விளையும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நானாயின் செடிகள் வெயிலையே பார்க்காமல் இவ்வளவு இலை விடுகிறது என்றால், வெயில் பட்டால் எப்படி விடும்? இதைத்தான் நினைத்தேன். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது?

ஜனவரியில் அங்கே குழந்தை ஏசுவின் திருவிழா. அம்மாவும் மகளும் மிலாக்ரோஸ் வீட்டில் தங்கி ஒன்பது நாள் இருந்துவிட்டு வரக் கிளம்பினார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி நான் இருந்துகொண்டேன். வரும்போது அவர்கள் ஆச்சரியப்பட வேண்டும் என்றுதான். ரொனீல் என்று ஒருவன் மரம் அறுக்கிற மிஷின் வைத்திருந்தான். கட்டையை அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசினேன். வந்தவன் மிஷினைக் கீழே வைத்துவிட்டு, நானாய்க்குத் தெரியுமா என்று கேட்டான். தலையாட்டினேன். முதல் பலாவில் வைக்கப் போனவன் நிறுத்திவிட்டு மறுபடியும் கேட்டான், நானாய்க்குத் தெரியுமா என்று. என்னடா இவன் சொன்ன சொல்லை நம்ப மாட்டேன் என்கிறானே என்று எனக்கு எரிச்சல். மறுபடியும் தலையாட்டினேன்.

மூன்று நாளில் ஐந்தும் கீழே வந்தது. மீதி ஆறு நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே. வெளியே ஓடியிருந்த வேரைத் தோண்டினேன், கூட்டினேன், கயிறு பிடித்து வரிசை போட்டேன். பக்கக் கன்றுகளைப் பெயர்த்து இரண்டடிக்கு ஒன்றாக நட்டேன். அந்த இலை ஓரமெல்லாம் முள். கை இரண்டும் கீறல். நம் ஊர் மஞ்சள் காடு மாதிரி பளிச்சென்று ஆக்கி வைத்திருந்தேன். பின்வாசலில் நின்று பார்த்தால் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ட்ரைசிக்கிளில் வந்து இறங்கினார்கள். அந்தப் பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிள், உங்களுக்குத் தெரியுமே. நானாய் கையில் எனக்கென்று வாங்கின ஒரு பனியன். வீட்டுக்குள் போகாமல் நேரே பின்னால் வந்தார். ஏனென்றால் தெருவிலிருந்தே அந்தப் பக்கம் ஆகாயம் தெரிந்தது.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தீர்களா? ஒன்றுமில்லை. நின்றார். ஒரு அடிக்கட்டையில் கையை வைத்துப் பார்த்தார், ஜுரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது மாதிரி. அப்புறம் உள்ளே போய்ச் சோறு வடித்தார். எனக்குத்தான் முதலில் போட்டார். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். கோபமிருந்தால் போடுவாரா? ஜெரலின்தான் சாப்பிடவில்லை. தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து வெயில் என்றால் அப்படியொரு வெயில். அந்த மாதங்களில் அங்கே மழை கிடையாது. நாலே நாளில் இலையெல்லாம் செம்பு நிறமாகி நுனி காய ஆரம்பித்தது. செடி புது இடம் பழகுகிறது என்று நான் சொன்னேன். நானாய் மூங்கிலை வெட்டி நட்டு, மேலே போர்வையைக் கட்டினார். அப்புறம் அரிசிச் சாக்கு. அப்புறம் ஜன்னல் திரை. அப்புறம் செத்துப்போன மாமனாரின் சட்டைகள், ஒன்றோடொன்று கைகளை முடிச்சுப் போட்டு. முடிச்சுப் போடுகிற பெண்களும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு துணி கொண்டுவந்தார்கள். என் தோட்டம், நான் வரிசை போட்ட தோட்டம், துவைக்கிற துறை மாதிரி ஆகிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். என் வேலையைத்தானே அவர்கள் எல்லாரும் சேர்ந்து மூடி மறைக்கிறார்கள்? எனக்கு எப்படி இருக்கும்?

அப்போதும் சத்தம் போடவில்லைங்க. அதைக் கவனியுங்க. அப்போதும் நான் சத்தம் போடவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை. டவுனுக்குப் போய் மோட்டார் விலை கேட்டுவிட்டு வருகிறேன். தூரத்திலிருந்தே அரக்குக் கலர் தெரிந்தது. கிட்டே வந்தால், எங்கம்மாவின் பட்டு. கூறைப்பட்டு. நாலு மூங்கிலில் நாலு முனையைக் கட்டி, விரித்து, ஜரிகை வெயிலில் பளபளவென்று. கீழே இருபது முப்பது அன்னாசிச் செடி. ஜெரலின் முட்டிபோட்டு அடியில் சக்கை போட்டுக்கொண்டிருந்தாள்.

யார் கட்டினது என்று கேட்டேன். நானாயாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், அவருக்கு நம் வழக்கம் தெரியாது. ‘நான்தான்’ என்றாள்.

என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. தமிழில்தான் கத்தினேன். அன்னாசிச் செடிக்கு எங்கம்மா பட்டா, தாலி கட்டும்போது நீ உடுத்தின துணியில்லையா இது என்று. அக்கம்பக்கமெல்லாம் வந்துவிட்டார்கள். அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். எங்கம்மாவோடு ஃபோனில் பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழ் வரும் அவளுக்கு. மெதுவாகத்தான் சொன்னாள். ‘வேற ஒண்ணும் மிச்சம் இல்ல, மயில். வீட்டுல இருக்கறதுலயே நல்லது இதுதான். அதான் கட்டினேன்.’

பாருங்க, தப்பை ஒத்துக்கொள்கிற பேச்சா இது? நான் பட்டைப் பிடித்து இழுத்தேன். மூங்கில் சாய்ந்தது. துணி அந்த முள் இலைகளில் மாட்டிக்கொண்டு, முழ நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் நானே நிறுத்திவிட்டேன். நானாய் வந்து முள்ளிலிருந்து ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டார். நார் எடுப்பது மாதிரியே, அவ்வளவு பதமாக. மடித்து என் கையில் கொடுத்தார். அந்த வெயில் நேராகச் செடிமேல் அடித்தது. யாரும் அங்கே திரும்ப எதையும் கட்டவில்லை.

அந்த வருஷம் மிலாக்ரோஸ் அம்மாவுக்கு நார் போகவில்லை. முக்கால்வாசிச் செடி போய்விட்டது. மிச்சமானதில் இலை முழங்கை நீளம்கூட இல்லை, நிழலில் இருந்தால்தான் வெளிச்சத்தைத் தேடி இலை நீளுமாம். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால்? வாயில் வார்த்தையாக ஒருத்தர் சொல்லியிருந்தால்? ஒருத்தரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, அது வேறு விஷயம். நானாய் அடுத்தவர் தோட்டத்து இலையைச் சீவப் போக ஆரம்பித்தார்.

மார்ச்சில் கிளம்பிவிட்டேன். விசா வேலை, ஒரு மாதம் என்று சொன்னேன். போகிற வழியில் நானாய் சீவிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போனேன். பெரியவர்கள் கையை எடுத்து நம் நெற்றியில் வைத்துக்கொள்வது அங்கே மரியாதை. தினமும் செய்வேன். குனிந்தேன். அவர் கையை நீட்டவில்லை. கையெல்லாம் ஈரம், நார் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான். வேறு ஒன்றுமில்லை.

பல்லடம் வந்துவிட்டதா? காங்கேயத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

இங்கே வந்த பிறகும் ஜெரலின் பேசிக்கொண்டுதான் இருந்தாள். போன வருஷம் ஜூனில் மழை தொடங்கியதும் மரம் வைத்தாளாம், மாதத்துக்கு ஒரு படம் வரும். கன்றுக்குப் பக்கத்தில் அவள் நிற்பாள், உயரம் தெரிய. முதலில் கணுக்காலுக்கு இருந்தது. அப்புறம் முழங்கால். ஒரு வார்த்தை எழுத மாட்டாள். வெறும் படம். என்னைக் குத்திக்காட்டத்தான் அனுப்புகிறாள் என்று இருந்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் இங்கே நர்சரிக்காரர்கள் கட்டுகிற பச்சை நிழல் வலை ஐம்பது மீட்டர் வாங்கி அனுப்பினேன். மரம் வளர ஆறு வருஷம் ஆகும், இது ஒரே நாளில் நிழல் தரும் இல்லையா? அடுத்த படத்தில் பார்க்கிறேன், அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கன்றைச் சுற்றி ஆட்டுக்கு வேலி கட்டியிருக்கிறாள். எதை எதற்குப் பயன்படுத்துவது என்றே அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியாக வந்த படம் இது. பெரிதாக்கிப் பாருங்க. ஐந்து மரம் இருந்த இடம். நாலு இடத்தில் கன்று, இடுப்பு உயரம் வந்துவிட்டது. ஐந்தாவது இடத்தில் குழி மட்டும், புதிதாகத் தோண்டினது. ஒன்றும் வைக்கவில்லை. ஏன் காலியாக இருக்கிறது, கன்று செத்துவிட்டதா என்று கேட்டேன். உடனே பதில் போட்டாள். இருங்க, காட்டுகிறேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறாள், எங்கம்மாவிடம் கேட்டு அடித்திருப்பாள் போல. ‘அது நீ வந்து வைக்கணும். மழை வரப்போகுது.’

நானும் தாமதிக்கவில்லை. குழியைப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு அடிகூட ஆழமில்லை. பலாவுக்கு அது போதுமா, நீங்களே சொல்லுங்க. எழுதினேன்: ‘குழி சரியில்லை. மூணடிக்கு மூணடி தோண்டச் சொல். அடியில் வேப்பம்புண்ணாக்கு போடணும். அங்கே கிடைக்காவிட்டால் நான் பார்சலில் அனுப்பறேன்.’

இவ்வளவுதான் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். அவள் நல்லதுக்குத்தான் எழுதினேன். அவள் முகம் வட்டமாக அதற்குக் கீழே வந்து நின்றது. அன்றைக்கு நின்றதுதான்.

நேற்று மூன்று கிலோ புண்ணாக்கு வாங்கிக் கட்டி வைத்துவிட்டேன். அவள் சரி என்று ஒரு வார்த்தை போட்டால் அனுப்பிவிடுவேன். இல்லை, உங்களிடம் கேட்க நினைத்தது வேறு. நீங்கள் முந்தாநாள்தானே அங்கிருந்து கிளம்பினீர்கள்? அங்கே மழை தொடங்கிவிட்டதா?